சிபியு 100%, வேலை மட்டும் நகரவில்லை: பின்னணி வேலைகளும் மின்சேமிப்பும் – கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கொண்டது ஒரே விஷயம். கணினியை இரவெல்லாம் ஓடவிட்டுச் செய்யும் வேலைகள், அதாவது போயின்க் மூலம் அறிவியல் திட்டங்களுக்குக் கணக்குப் போடுவது, வீடியோ மாற்றுவது, பேக்கப், ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) போன்றவை, மின்சேமிப்பு அமைப்புகளால் ஏன் இழுத்துக்கொண்டு போகின்றன, எங்கே கை வைக்க வேண்டும்.

கேட்கும் முன் ஒரு வேண்டுகோள். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது கிளாக், அதாவது பிராசசர் ஓடும் வேகம், எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று பார்த்து, அந்த எண்ணோடு கேளுங்கள். அது இல்லாமல் நான் சொல்வது எல்லாம் ஊகம்தான். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பனங்காடு: வணக்கம் அண்ணா. ஏஎம்டி எஃப்எக்ஸ் 6300, லினக்ஸ். போயின்க்கில் ஐன்ஸ்டீன்@ஹோம் ஓடுது. 4 மணி நேரத்துல முடியற வேலை, புது டிஸ்ட்ரோ போட்டதுக்கு அப்புறம் 10 மணி நேரம் ஆகுது. டாப்ல பாத்தா ஆறு கோரும் 100%. மெஷின் சூடாகவே இல்ல, ஃபேன் சத்தமும் இல்ல. பிராசசர் போயிடுச்சா?

பதில்: பிராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடில்லை, சத்தமில்லை என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. உங்களுடையது 95 வாட் சிப். ஆறு கோரும் முழு வேகத்தில் ஓடினால் ஃபேன் சும்மா இருக்காது. அதன் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், கீழ்ப்படி 1.4. 3.5ஐ 1.4ஆல் வகுத்தால் 2.5. உங்கள் 10 மணியை 4 மணியால் வகுத்தாலும் அதே 2.5. வேலை முழுவதும் கீழ்ப்படியிலேயே ஓடியிருக்கிறது.

100% என்பது கோர் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதன் கணக்கு. எவ்வளவு வேகத்தில் இருந்தது என்று அது சொல்லாது. 1.4 கிகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் ஓடினாலும் 100%தான்.

ஏன் கீழ்ப்படியில் நின்றது? போயின்க் தன் சிபியு வேலைகளை நைஸ் 19ல், அதாவது ஆகக் குறைந்த முன்னுரிமையில் ஓட்டுகிறது. டாப் (ஓடும் வேலைகளைக் காட்டும் கட்டளை) திரையின் மேலே இருக்கும் சிபியு வரியைப் பாருங்கள்: 'யுஎஸ்' பக்கத்தில் 1க்கும் குறைவாகவும், 'என்ஐ' பக்கத்தில் 98, 99 என்றும் இருக்கும். அந்த 'என்ஐ'தான் நைஸ் வேலைகள் எடுத்துக்கொண்ட நேரம். கிளாக்கை ஏற்றி இறக்கும் கெர்னல் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர்; உங்கள் மெஷினில் அது ஆன்டிமாண்ட் கவர்னராக இருக்கும். அதற்குள் 'இக்னோர் நைஸ் லோட்' என்று ஒரு திருகு (அமைப்பு) உண்டு. அது 1 என்று இருந்தால், நைஸ் வேலைக்குப் போன நேரத்தைக் கவர்னர் சும்மா இருந்த நேரமாகவே கணக்கில் எடுக்கும். கோர் 99% உழைக்க, கவர்னர் கண்ணுக்கு 1% சுமைதான் தெரியும். வேகத்தை ஏற்றும் வரம்பு 80 அல்லது 95. அதை என்றைக்கு எட்டுவது?

கெர்னலின் இயல்புநிலை 0. ஆனால் மின்சேமிப்புக் கருவிகளும் சில டிஸ்ட்ரோக்களின் தொடக்க ஸ்கிரிப்டுகளும் அதை 1 ஆக்கிவிடுவது உண்டு. லேப்டாப்புக்கு அது நியாயமான யோசனைதான்: பேட்டரியில் இருக்கும்போது, அவசரமில்லாத வேலைக்காகக் கிளாக்கை ஏற்ற வேண்டாம். இரவு பகலாகக் கணக்குப் போடும் டெஸ்க்டாப்புக்கு அது ஒத்துவராது.

உறுதிப்படுத்த இப்படிச் செய்யுங்கள். போயின்க்கை நிறுத்துங்கள். ஒரு டெர்மினலில் 'டாஸ்க்செட் -சி 2 நைஸ் -என் 19 ஷா256சம் /டெவ்/ஜீரோ' ஓட்டுங்கள். அது முடியாது, கண்ட்ரோல்-சி தட்டும்வரை 2ஆம் எண் கோரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு டெர்மினலில் 'வாட்ச் -என்1' போட்டு 'கிரெப் எம்ஹெச்இசட் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ'. மூன்றாவது வரிதான் உங்கள் கோர் (எண்ணிக்கை 0வில் தொடங்கும்). 1400 என்று நிற்கும். இப்போது நிறுத்திவிட்டு, நைஸ் பகுதியை எடுத்துவிட்டு அதே கட்டளை. எண் எகிறினால் குற்றவாளி இந்தத் திருகுதான்.

சரிசெய்ய ரூட் ஆக (நிர்வாகி உரிமையோடு) /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/சிபியுஃப்ரீக்/ஆன்டிமாண்ட் கோப்புறைக்குப் போய், 'இக்னோர் நைஸ் லோட்' கோப்பில் (மூன்று சொல்லும் அடிக்கோட்டால் சேர்ந்திருக்கும்) 0 எழுதுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், அந்த நொடியே கிளாக் ஏறும்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். நீங்கள் பிரவுசர் திறந்து வேலை செய்யும்போது போயின்க் வேகமாகப் போய், எழுந்து போனதும் மந்தமானால் இதே நோய்தான். பிரவுசரின் சுமைக்காகக் கிளாக் ஏறும்போது, பின்னணி வேலைக்கும் அது கிடைக்கிறது.

சிலர் இதற்குப் போயின்க்கின் முன்னுரிமையை ஏற்றிவிடுவார்கள். வேண்டாம். வேகம் கிடைக்கும், ஆனால் நீங்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது திரை திக்கும். யாருக்கு முதல் உரிமை என்பதற்குத்தான் நைஸ். கிளாக் எவ்வளவு என்பதற்கு வேறு திருகு இருக்கிறது, அதைத் திருப்புங்கள்.

பனங்காடு: 1னு இருந்துச்சு அண்ணா. 0 ஆக்கினதும் 3500க்கு மேல போயிடுச்சு. இப்ப ஃபேன் கத்துது.

பதில்: கத்தத்தான் செய்யும். ஹீட்சிங்க் தூசியைத் தட்டிவிட்டு, 'சென்சார்ஸ்' கட்டளையில் வெப்பநிலையை ஒரு மணி நேரம் கவனியுங்கள். ரொம்பச் சூடானால் போயின்க்கில் 'எத்தனை சதவீத சிபியுக்கள்' என்பதைக் குறைத்து நான்கு கோரில் ஓட்டுங்கள். பக்கத்திலேயே 'எத்தனை சதவீத சிபியு நேரம்' என்று இருப்பதைத் தொடாதீர்கள். அது வேலையைச் சில நொடி ஓட்டி, சில நொடி நிறுத்தி, மறுபடி ஓட்டும் முறை. வெப்பம் ஏறி இறங்கி ஏறும், ஃபேனும் கூடவே ஊஞ்சலாடும்.

மொட்டைமாடி: சார், என் இன்டெல் லேப்டாப்பில் கவர்னர் 'பவர்சேவ்'னு காட்டுது. இதனாலதான் கம்பைல் ஸ்லோவா?

பதில்: பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் (2013ல் லினக்ஸ் 3.9ல் வந்தது) நேரடியாகக் கிளாக்கை ஆளும்போது, அதன் 'பவர்சேவ்' சுமைக்கேற்ப டர்போ (அடிப்படை வேகத்துக்கும் மேலான உச்ச வேகம்) வரை ஏறும். பழைய டிரைவரின் 'பவர்சேவ்'தான் கீழ்ப்படியிலேயே பூட்டிவிடுவது. இரண்டும் பெயரில் மட்டுமே ஒன்று. இந்த டிரைவர் நைஸையும் கணக்கில் எடுப்பதில்லை. லினக்ஸின் இன்னொரு கவர்னரான ஸ்கெட்யூட்டிலும் அப்படித்தான், அதற்கு நைஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது 'எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் பிரிஃபரன்ஸ்' கோப்பு. அதில் 'பவர்' என்றிருந்தால் சிப் தானே அடக்கி வாசிக்கும். 'பவர்ப்ரொஃபைல்ஸ்சிடிஎல் செட் பேலன்ஸ்ட்' கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள். கம்பைல் ஓடும்போது மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு? அதை நீங்கள் எழுதவில்லை.

தறி: விண்டோஸ் 11, இன்டெல் 12ஆம் தலைமுறை. ஹேண்ட்பிரேக்கில் வீடியோ மாத்தும்போது விண்டோவைத் திறந்து வச்சிருந்தா வேகமா போகுது. மினிமைஸ் பண்ணினா பாதிக்கும் கீழே. டாஸ்க் மேனேஜர்ல சிபியு 100%க்குப் போகவே மாட்டேங்குது.

பதில்: 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் டெஸ்க்டாப், லேப்டாப் சிப்களில் பெரும்பாலானவற்றில் இருவகைக் கோர்கள்: வேகமான பி-கோர், சிக்கனமான இ-கோர். எந்த வேலையை எங்கே அனுப்புவது என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. முன்னால் தெரியும் விண்டோவுக்கு முதல் மரியாதை. மறைந்த விண்டோவும் முன்னுரிமை குறைந்த வேலையும் இ-கோருக்குத் தள்ளப்படலாம். ஹேண்ட்பிரேக் இயல்பாகவே 'பிலோ நார்மல்' முன்னுரிமையில் ஓடும். அதோடு மினிமைஸும் சேர்ந்தால் பி-கோர்கள் காலியாகக் கிடக்க, இ-கோர்கள் மட்டும் மாடாய் உழைக்கும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் → சிபியு படத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள். சில கட்டங்கள் நிறைந்தும் மற்றவை காலியாகவும் இருந்தால் இதுதான்.

முதலில் ஹேண்ட்பிரேக் பிரிஃபரன்சஸ் → அட்வான்ஸ்டில் பிரையாரிட்டியை 'நார்மல்' ஆக்குங்கள். அடுத்து செட்டிங்ஸ் → சிஸ்டம் → பவர், அங்கே பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்'. பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். முடியவில்லையென்றால் அட்மின் டெர்மினலில் 'பவர்சிஎஃப்ஜி /பவர்த்ராட்லிங் டிசேபிள் /பாத்' கொடுத்து, அதன் பின் என்கோட் செய்யும் நிரலின் முழுப் பாதை. டாஸ்க் மேனேஜர் பட்டியலில் அந்த நிரலுக்குப் பக்கத்தில் பச்சை இலை தெரிந்தால் அது 'எஃபிஷியன்சி மோட்'. வலது கிளிக்கில் எடுத்துவிடலாம்.

100%க்குப் போகாததற்குத் தனிக் காரணமும் இருக்கலாம். விண்டோஸ் 8 முதல், 2025ல் விண்டோஸ் 11 புதுப்பிப்பில் கணக்கு மாறும்வரை, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் காட்டியது வெறும் நேரக் கணக்கு இல்லை, அதோடு கிளாக்கையும் பெருக்கிய எண். புதுப்பிக்காத மெஷினில் இன்னும் அப்படித்தான். எல்லாக் கோரும் இடைவிடாமல் உழைத்தாலும், அடிப்படை வேகத்தில் பாதியில் ஓடினால் 50% அருகில்தான் நிற்கும். லினக்ஸில் 100% காட்டி ஏமாற்றும், பழைய கணக்குள்ள விண்டோஸில் 50% காட்டிக் குழப்பும். இரண்டு இடத்திலும் மெகாஹெர்ட்ஸைப் பாருங்கள்.

வெயிலோன்: எனக்கும் சிபியு 100%, ஆனா ஸ்லோ. என்ன செய்யலாம்?

பதில்: மேலே பனங்காட்டுக்கு எழுதியதைப் படித்துவிட்டு, கிளாக் எண்ணோடு வாருங்கள்.

குறும்பாடு: விண்டோஸ்ல ராத்திரி 2 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் மூலமா பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுது. கையால ஓட்டினா 40 நிமிஷம், ஷெட்யூலர்ல 2 மணி நேரத்துக்கு மேல. பவர் பிளான் ஹை பெர்ஃபார்மன்ஸ்தான்.

பதில்: நல்ல கேள்வி. இது கிளாக் பிரச்சினை இல்லை. டாஸ்க் ஷெட்யூலர் எல்லா வேலைக்கும் இயல்பாக முன்னுரிமை 7 கொடுக்கிறது. அது 'பிலோ நார்மல்'. சிபியு மட்டுமில்லாமல் வட்டு, நினைவகம் இரண்டிலும் பின்வரிசைக்குப் போய்விடும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை நகலெடுக்கும் பேக்கப்புக்கு வட்டில் பின்வரிசை என்றால் அடி பலம்.

இதை மாற்ற ஷெட்யூலர் திரையில் இடமே கிடையாது. டாஸ்க்கை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். வரும் எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து, 'பிரையாரிட்டி' என்ற வரியில் 7ஐ 5 ஆக்குங்கள் (4 முதல் 6 வரை நார்மல்). பழைய டாஸ்க்கை அழித்துவிட்டு இதை இம்போர்ட் செய்யுங்கள். லேப்டாப் என்றால் கண்டிஷன்ஸ் பக்கத்தில் 'ஏசி மின்சாரத்தில் இருந்தால் மட்டும்' என்ற டிக்கையும் பாருங்கள். இயல்பாகவே போட்டிருக்கும், கரண்ட் போனால் டாஸ்க் தொடங்காது.

கணக்குப்பிள்ளை: விண்டோஸில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' 99% வைத்தால் சூடு குறையும் என்கிறார்களே, பின்னணி வேலைக்கு நல்லதா? என்னைக் கேட்டால், எல்லோரும் வேகத்தை ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். மெதுவாக ஓடினால் மின்சாரம் மிச்சம். அவசரமில்லாத வேலைக்கு அதுதானே சரி?

பதில்: 99% வைத்தால் பல சிப்களில் டர்போ அணைந்துவிடும், வேகம் அடிப்படைக் கிளாக்கில் நிற்கும். லினக்ஸில் இன்டெல் பி-ஸ்டேட் கோப்புறையில் 'நோ டர்போ' கோப்பில் 1 எழுதுவதும் அதே பலன். 24 மணி நேரம் ஓடும் மெஷினுக்கு நல்ல ஏற்பாடு, நானே பரிந்துரைப்பேன். ஆனால் 'மெதுவாக ஓடினால் மிச்சம்' என்பதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிவப்புத்தொப்பி: குறுக்கே வருகிறேன். கணக்குப்பிள்ளை சொல்வது தலைகீழ். வேகமாக முடித்துவிட்டுத் தூங்கப் போவதுதான் சிக்கனம். மெதுவாக ஓடினால் மெஷின் அதிக நேரம் விழித்திருக்கும்.

கணக்குப்பிள்ளை: மின்னழுத்தத்தின் வர்க்கம் என்ன ஆயிற்று? கிளாக் ஏறினால் வோல்டேஜும் ஏறும், செலவு நேர்விகிதத்தில் ஏறாது. இயற்பியலை மாற்ற முடியாதே.

பனங்காடு: போயின்க் எங்க தூங்குது? ஒண்ணு முடிஞ்சா அடுத்தது வந்துடுதே.

பதில்: மூவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவரும் மெஷின் யாருக்காக விழித்திருக்கிறது என்று கேட்கவில்லை. விடை அதில்தான் தொங்குகிறது. கணக்குப் போட்டே பார்ப்போம். கீழே உள்ள வாட் எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் மெஷினுக்கு வாட் மீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

போர்டு, ரேம், வட்டு, எஸ்எம்பிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்து எப்போதும் 30 வாட். சிபியு 1.4 கிகாஹெர்ட்ஸில் 20 வாட், 2.8ல் 50, 3.5ல் 80, 4.1ல் 120. சும்மா இருந்தால் 5. வேலை 3.5ல் 4 மணி நேரம் எடுப்பது.

முதல் நிலை: அந்த வேலைக்காக மட்டுமே மெஷின் ஓடுகிறது, முடிந்ததும் அணைந்துவிடும். அப்போது 30 வாட்டும் வேலையின் கணக்கில்தான் ஏறும். 1.4ல் 10 மணி நேரம், மொத்தம் 50 வாட்: 500 வாட்-மணி, அதாவது அரை யூனிட். 2.8ல் 5 மணி, 80 வாட்: 400. 3.5ல் 4 மணி, 110 வாட்: 440. 4.1ல் ஏறக்குறைய 3.4 மணி, 150 வாட்: 510க்குச் சற்று மேல். ஆக 'மின்சேமிப்பு' என்று கீழ்ப்படியில் கிடப்பது, முழு அடிப்படை வேகத்தைவிட அதிக யூனிட் தின்கிறது. நேரமும் இரண்டரை மடங்கு. டர்போவும் வீண்தான். சிக்கனம் நடுவில் இருக்கிறது.

இரண்டாம் நிலை: நீங்கள் வேறு வேலைக்காக மெஷினை எப்படியும் திறந்து வைத்திருக்கிறீர்கள், பின்னணி வேலை ஓரமாக ஓடுகிறது. அப்போது 30 வாட்டும் சும்மா இருக்கும் 5 வாட்டும் எப்படியும் போகிற செலவு. வேலைக்காகக் கூடுதலாகப் போவது மட்டும்தான் கணக்கு. 1.4ல் 15 வாட் வீதம் 10 மணி: 150. 2.8ல் 45 வீதம் 5 மணி: 225. 3.5ல் 75 வீதம் 4 மணி: 300. இங்கே கணக்குப்பிள்ளை ஜெயிக்கிறார், அதுவும் பாதிக்குப் பாதி.

'இக்னோர் நைஸ் லோட்' 1 என்பது இந்த இரண்டாம் நிலைக்காக உருவான எண்ணம். அதைத் தெரியாமல் முதல் நிலை மெஷினில் வைத்தால்தான் யூனிட்டும் போய் நேரமும் போகிறது. இரவில் போயின்க்குக்காகவே ஓடும் பனங்காட்டின் டெஸ்க்டாப் முதல் நிலை. வேலை முடிந்து தூங்குவதில்லைதான். ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை வேலை முடிகிறது என்ற கணக்கில் அதே நடுப்படிதான் வெல்லும். அவருக்கு என் யோசனை: திருகு 0, உச்ச வரம்பு 2.8 பக்கம். 'சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-செட் -யு 2800எம்ஹெச்இசட்'. சிப்பில் அந்தப் படி இல்லாவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் படியில் நிற்கும். ஃபேன் சத்தமும் அடங்கும்.

சிவப்புத்தொப்பி: சின்னச் சின்னதாக வந்து போகும் வேலைகளுக்கு என் கட்சிதான் சரி என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: பேட்டரியில் இருக்கும் போனுக்கும் லேப்டாப்புக்கும், வேலை முடிந்ததும் முழுச் சிப்பும் ஆழ்ந்த தூக்கநிலைக்குப் போகுமென்றால், சரி. ஆனால் டர்போ உச்சியில் ஓடி முடிப்பது அங்கேயும் சிக்கனமில்லை. இந்த வாதத்தை இதோடு நிறுத்துவோம், கேள்விகள் குவிந்துவிட்டன.

ஓலைச்சுவடி: பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களை டெசராக்ட்டில் ஓசிஆர் செய்கிறோம். 8 கோர் மெஷினில் நைஸ் 19ல் எட்டுப் பக்கம் ஒரே சமயத்தில். கிளாக் பார்த்துவிட்டேன், 3.6 கிகாஹெர்ட்ஸ், முழு வேகம். ஆனாலும் ஒரு பக்கமாக ஓட்டியதைவிட மூன்று மடங்குகூட வேகம் வரவில்லை.

பதில்: அளந்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. கிளாக் முழுசாக இருக்கிறது என்பதால் மின்சேமிப்பை விட்டுவிடலாம். டெசராக்ட் 4 முதல் ஒவ்வொரு பக்கத்துக்கும் தானே நான்கு திரிகள் (த்ரெட், ஒரே நேரத்தில் ஓடும் துணை வேலைகள்) வரை திறக்கிறது. எட்டுப் பக்கம் என்றால் 32 திரிகள், இருப்பது 8 கோர். ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதிலேயே நேரம் கரைகிறது. அந்தக் காத்திருப்பு சுற்றிக்கொண்டே இருக்கும் வகை என்பதால் சிபியு 100% என்றே காட்டும்.

ஓட்டும் முன் 'எக்ஸ்போர்ட் ஓஎம்பி த்ரெட் லிமிட்=1' (மூன்று சொல்லும் பெரிய எழுத்து, அடிக்கோட்டால் சேர்த்து). பிறகு பேரலல் கட்டளையில் '-ஜே 8'. ஒரு பக்கத்துக்கு ஒரு திரி, எட்டு கோருக்கு எட்டுப் பக்கம். நைஸ் 19 அப்படியே இருக்கட்டும். பக்கப் படங்கள் நெட்வொர்க் டிரைவில் இருந்தால் முதலில் உள்வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கடலோரம்: மேக்புக் ஏர் எம்1. டைம் மெஷின் முதல் பேக்கப் நாள்கணக்கில் ஓடுது. ஆக்டிவிட்டி மானிட்டர்ல நாலு கோர் மட்டும்தான் நிறைஞ்சிருக்கு.

பதில்: அந்த நான்கும் இ-கோர்கள். மேக்ஓஎஸ் 'பேக்ரவுண்ட்' தரம் கொடுத்த திரிகளை எம்1ல் இ-கோரைத் தாண்டி விடாது, பி-கோர் காலியாக இருந்தாலும். வட்டிலும் அவற்றுக்கு வேகத்தடை உண்டு. அந்த வட்டுத் தடையைத் தற்காலிகமாக எடுக்க 'சூடோ சிஸ்சிடிஎல் டீபக்.லோப்ரை த்ராட்டில் எனேபிள்ட்=0' (புள்ளிக்குப் பின் வருவது அடிக்கோட்டால் சேர்ந்தது). முதல் பேக்கப் முடிந்ததும் 1 ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் தானே பழையபடி ஆகிவிடும்.

நீங்களே தொடங்கிய நிரல் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால் 'டாஸ்க்பாலிசி -பி -பி' கட்டளை உண்டு. முதல் பி பெரிய எழுத்து 'பி' (பாய்), அடுத்தது சிறிய 'பி' (பிராசஸ்), பிறகு பிராசஸ் எண். ஆனால் நிரல் தன் திரிகளுக்குத் தானே 'பேக்ரவுண்ட்' தரம் கொடுத்திருந்தால் வெளியிலிருந்து ஏற்ற முடியாது. டைம் மெஷின் அந்த ரகம். சார்ஜரில் போட்டு, 'கஃபெய்னேட் -ஐ' ஓட்டிவிட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

ரயில்பூச்சி: சிபியு 100% காட்டுது சார், போயின்க் ஸ்லோ. லினக்ஸ்.

பதில்: மெகாஹெர்ட்ஸ்?

ரயில்பூச்சி: 800. கவர்னர் பெர்ஃபார்மன்ஸ் வச்சும் 800தான். லேப்டாப், போன மாசம் வேற சார்ஜர் வாங்கினேன்.

பதில்: எண் கொடுத்ததும் பாருங்கள், விஷயம் வேறாகிவிட்டது. கவர்னர் சொல்லியும் ஏறவில்லையென்றால் மென்பொருளுக்குக் கீழே யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். சில லேப்டாப்கள் சார்ஜரின் அடையாளத்தைப் படிக்க முடியாவிட்டால் சிப்புக்கு 'பிராக்ஹாட்' சமிக்ஞை கொடுத்துக் கீழ்ப்படியில் பூட்டிவிடும். சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் மட்டும் ஓட்டிக் கிளாக்கைப் பாருங்கள். ஏறினால் சார்ஜரோ அதன் முனையோதான் பிரச்சினை. பயாஸ் திரையில் அடாப்டர் வாட் எவ்வளவு என்று காட்டினால் அதையும் பாருங்கள். அந்தச் சமிக்ஞையை மென்பொருளால் அடக்கும் வழியை இணையத்தில் பார்ப்பீர்கள். உண்மையான சூட்டிலும் சிப் காப்பாற்றப்படாமல் போகலாம் என்பதால் செய்யாதீர்கள்.

வெயிலோன்: எண்ணோடு வந்துவிட்டேன். இன்டெல் லேப்டாப். முதல் அரை நிமிடம் 4.2 கிகாஹெர்ட்ஸ், பிறகு 2.6க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது.

பதில்: அது கோளாறே இல்லை. இன்டெல் சிப்களுக்கு இரண்டு வாட் வரம்புகள்: சில நொடிகளுக்கு மட்டும் உயர்ந்த வரம்பு, நீடித்து ஓடும்போது தாழ்ந்த வரம்பு. பல மெஷின்களில் இடைவெளி 28 நொடி. விளம்பரத்தில் வருவது முதல் எண், பின்னணி வேலைக்குக் கிடைப்பது இரண்டாவது. 'டர்போஸ்டாட்' ஓட்டினால், சிப் தின்னும் வாட்டைக் காட்டும் 'பிகேஜிவாட்' பத்தி ஒரே எண்ணில் தட்டையாக நிற்கும். வெப்பநிலை 95க்கு மேல் போய் எண் தள்ளாடினால் மட்டும் தூசியும் தெர்மல் பேஸ்டும் பாருங்கள்.

மொட்டைமாடி: போயின்க் கான்ஃபிக்ல பிராசஸ் பிரையாரிட்டி 5 வச்சா?

பதில்: வைக்காதீர்கள். 5 என்றால் ரியல்டைம். எல்லாக் கோரையும் கணக்கு வேலை பிடித்துக்கொண்டால் மவுஸ் அசையாது, நிறுத்தவும் முடியாது, பவர் பட்டனை அழுத்த வேண்டிவரும். வட்டில் எழுதிக்கொண்டிருந்தது பாழாகும். இயல்புநிலை 0, மிஞ்சிப்போனால் 1 வரை வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கிளாக் பிரச்சினைக்கு முன்னுரிமை மருந்தில்லை. 'சிபியு பூஸ்டர்' என்று வரும் இலவச மென்பொருள்கள் பலவும் இதையேதான் செய்கின்றன, தொடாதீர்கள்.

தறி: ராஸ்பெரி பை 4ல கணக்கு ஓட்டறேன். 600 மெகாஹெர்ட்ஸ்ல நிக்குது.

பதில்: 'விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்ட்' கொடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 0எக்ஸ்0 என்றால் கவர்னரைச் சந்தேகிக்கலாம். 0எக்ஸ்50005 என்றால் இந்த நொடி மின்னழுத்தம் போதவில்லை, அதனால் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. 0எக்ஸ்50000 என்றால் முன்பு நடந்தது, இப்போது இல்லை. போன் சார்ஜரும் மெல்லிய நீளக் கேபிளும்தான் வழக்கமான காரணம். 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், குட்டைக் கேபிள். 80 டிகிரி தாண்டினாலும் வேகம் இறங்கும், ஹீட்சிங்க் ஒட்டுங்கள்.

குறும்பாடு: கிளவுட் விஎம்ல இதே மாதிரி ஸ்லோ ஆனா?

பதில்: விஎம் என்பது பலர் பங்குபோடும் மெய்நிகர் கணினி, அதனால் டாப்பில் 'எஸ்டி' எண்ணைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் உங்கள் பங்கு வேறொருவருக்குப் போகிறது அல்லது உங்கள் கிரெடிட் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் கிளவுட் பகுதியில் கேளுங்கள், என் துறை இல்லை.

ஓலைச்சுவடி: பயாஸில் சி-ஸ்டேட் எல்லாவற்றையும் அணைத்தால்?

பதில்: சி-ஸ்டேட் என்பது சும்மா இருக்கும் கோரின் தூக்கநிலை. இடைவிடாமல் ஓடும் வேலைக்கு அதை அணைப்பதால் ஒரு பயனும் இல்லை, கோர் தூங்கவே போவதில்லையே. சில கோர் தூங்கினால்தான் மற்றவற்றுக்கு உச்ச டர்போ கிடைக்கும் சிப்களில் நஷ்டம் கூட வரும். விட்டுவிடுங்கள்.

கடலோரம்: ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ்?

பதில்: டெர்மக்ஸில் (போனில் லினக்ஸ் கட்டளைகள் ஓட்டும் செயலி) 'டெர்மக்ஸ்-வேக்-லாக்' கொடுங்கள், பேட்டரி ஆப்டிமைசேஷனிலிருந்து அதை விலக்குங்கள். பின்னணிக்குப் போன செயலியைப் பல போன்கள் சிறிய கோர்களுக்குள் மட்டும் அடைத்துவிடும், ரூட் இல்லாமல் அதை மாற்ற வழியில்லை.

பனங்காடு: அண்ணா, கடைசியா. ரீஸ்டார்ட் பண்ணினதும் மறுபடி 1 ஆயிடுச்சு.

பதில்: /சிஸ் கோப்புகள் ரீஸ்டார்ட்டோடு போய்விடும். /இடிசி/டிஎம்பிஃபைல்ஸ்.டி கோப்புறையில் ஒரு வரி எழுதிவைக்கும் முறையைச் சொல்வார்கள். ஆன்டிமாண்ட் கவர்னர் அந்தச் சமயத்தில் இன்னும் எழுந்திருக்காவிட்டால் அந்தக் கோப்பே இருக்காது, எழுத்தும் வீணாகும். அதனால் ஒரு சின்ன சிஸ்டம்டி சர்வீஸ் எழுதுங்கள்: வகை 'ஒன்ஷாட்', முதல் வரியில் 'சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-செட் -ஜி ஆன்டிமாண்ட் -யு 2800எம்ஹெச்இசட்', அடுத்த வரியில் 0 எழுதும் கட்டளை. 'ஆஃப்டர்' என்ற இடத்தில், உங்கள் டிஸ்ட்ரோவில் ஓடும் மின்சேமிப்புச் சேவையின் பெயர். அதைக் குறிப்பிடாவிட்டால், நீங்கள் 0 எழுதிய பிறகு அது வந்து 1 எழுதிவிட்டுப் போகும். மின்சேமிப்புக் கருவிகளான டிஎல்பியும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனும் சேர்ந்தே நிறுவப்பட்டிருந்தால் ஒன்றை நீக்குங்கள், இரண்டும் ஒரே திருகைப் பிடித்து இழுக்கும். ரீஸ்டார்ட் செய்து, போயின்க் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி அந்தக் கோப்பைப் படியுங்கள். 0 என்றும், கிளாக் 2800இலோ அதற்குக் கீழே உள்ள படியிலோ இருந்தால் சரி. மறுபடி 1 என்று வந்தால், 'கிரெப் -ஆர்' போட்டு /இடிசிக்குள் அந்தத் திருகின் பெயரைத் தேடுங்கள். எந்த ஸ்கிரிப்ட் எழுதுகிறது என்று அங்கேயே அகப்படும்.